லூர்துராஜ் வாங்கிப் போட்ட சைட்

லூர்துராஜின் மனைவி ரெஜினா அக்காதான் போன் செய்தார். "அவரு போயிட்டாரும்மா" என்றார். உடனே ஆட்டோ பிடித்தேன். வைட்ஃபீல்டிலிருந்து மர்பி டவுனில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சவப்பெட்டியை மாதா கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வைட்ஃபீல்டு பக்கம் வளரும், இடம் வாங்கு என்று எனக்குச் சொன்னவரே லூர்துராஜ்தான். வளர்ந்த நெரிசலில் சிக்கி, அவர் முகத்தை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் அலுவலகத்தில் அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில், பெங்களூரில் சைட் என்று சொல்லும் வீட்டுமனை பார்க்கச் சுற்றாதவர்கள் குறைவு. உங்களில் பலர் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போயிருப்பீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புரோக்கர்கள் நல்ல வெயிலில் கூப்பிட்டுக் காட்டுவார்கள். இவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். மழை கொட்டித் தீர்த்த மறுநாள் தனியாகப் போய் நிற்பார். "வெயில்ல எல்லா சைட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரிதான் இருக்கும் சாந்தி. மழை வுட்ட மறுநாள் வந்து பாரு" என்பார். நான் முன்பணம் கொடுக்க இருந்த ஓர் இடத்தில், அப்படிப் போனபோது முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. புரோக்கர் அன்று போனையே எடுக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. சாயங்காலம், இடம் பார்த்த ஊரின் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார். "கம்பெனி வரப்போவுதுன்னு எல்லா புரோக்கரும்தான் சொல்லுவான். பொம்பளைங்க தனியா இறங்கி, பயப்படாம வூட்டுக்கு நடக்குறாங்களா, அத பாரு. அந்த ஊருதான் நிக்கும்." ஒருமுறை ஒரு கான்ஸ்டபிள் இவரைச் சந்தேகப்பட்டு மடக்கிவிட்டார். இறங்குகிற பெண்களையே ஒரு மனிதர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றால் யார்தான் சும்மா விடுவார்கள்? இவர் கன்னடத்தில் நிலம், விலை என்று விளக்க விளக்க, கான்ஸ்டபிளுக்குச் சந்தேகம் கூடியது. நான் போய், "எங்க அண்ணன் சார்" என்று சொல்லி மீட்டுவந்தேன். பல நாள் அதைச் சொல்லிச் சொல்லி அவரைச் சீண்டினேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்தடுத்து இரண்டு சைட் எடுத்தோம். நான் வீடு கட்டினேன். அவர் கட்டவில்லை. மாதம் ஒருமுறையாவது வருவார், என் வீட்டில் வைத்திருந்த களைக்கொத்தியை எடுத்து, தன் இடத்தில் முளைத்த பார்த்தீனியக் களைகளைக் கொத்துவார், காபி குடித்துவிட்டுப் போவார். "தண்ணி லைன் வரட்டும், ரெஜினாவ கூட்டிட்டு வரேன்" என்பார். தண்ணீர் வந்தது. "ரோடு போடட்டும்" என்றார். ரோடும் போட்டார்கள். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வந்து கேட்டபோது, "வித்துட்டா அவ எங்க வந்து குடியிருப்பா?" என்று திருப்பி அனுப்பினார். மர்பி டவுன் வாடகை வீட்டையும் கோயிலையும் விட்டு அக்காதான் வர மறுக்கிறார் என்று நாம் எல்லோரும் நினைத்தோம். நானே மனதுக்குள் அக்காவைத் திட்டியிருக்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் அக்கா என்னைக் கூப்பிட்டு, அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பஸ்ஸில் அழைத்துவந்தேன். சாயங்காலம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். எங்களோடும் சிலர் இறங்கினார்கள்.

"அவரு எங்க நிப்பாரு?" என்று கேட்டார். காட்டினேன். அங்கே போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஊருல இருக்குற பொம்பளைங்கல்லாம் இறங்குறாங்களான்னு பாத்திருக்காரு. என்னை ஒருவாட்டி கூட்டியாந்து இறக்கி வுட்டிருக்கலாம்ல? எல்லாம் சரியாவட்டும், அப்பறம் காட்டுறேன்னே சொல்லிட்டிருந்தாரு. வரியான்னு ஒரு நாளு கேக்கல. கேட்டிருந்தா அப்பவே வந்திருப்பேம்மா."

எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் கோபமும் வந்தது. எந்த ஊர் எப்போது வளரும் என்று தெரிந்த மனிதர், பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே போய்விட்டார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பவை நான் குடியிருக்கும் வீடும், பின்கட்டில் சாய்த்துவைத்த அந்தக் களைக்கொத்தியும்தான். அன்று அவர் இடத்தைக் காட்டிவிட்டு, அதை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். காம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்கயே இருக்கட்டும். செடி நெறைய முளைச்சிருக்கு. ஞாயித்துக்கெழமை பூசை முடிச்சிட்டு வரேன்."