செல்வியின் டப்பாவில் ஈசல்

பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். ஆபீஸில் தினமும் பக்கத்து வேப்பந்தட்டையிலிருந்து வரும் செல்வியோடுதான் மதியச் சாப்பாடு. இன்று மட்டும் அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை.

“ஏன் செல்வி, சாப்பிடலையா?”

“நீங்க சாப்பிட்டு முடிங்கக்கா. நான் அப்புறமா சாப்புட்டுக்கறேன்.”

வற்புறுத்தியதும் திறந்தார். பொரியோடு கலந்து வறுத்த ஈசல். முந்தாநாள் மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பியதை வீட்டில் பிடித்தார்களாம்.

“பழைய ஆபீஸ்ல இதைப் பாத்துட்டு ஒருத்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு எழுந்து போயிட்டாங்கக்கா. அதான்...”

எனக்கும் ‘பூச்சியையா தின்பது?’ என்றுதான் இருந்தது. ஆனால் இதைக் கேட்டபிறகு எப்படி எழுந்து போவது? கொஞ்சம் எடுத்துக் கண்ணை இறுக மூடி வாயில் போட்டேன்.

மொறுமொறுவென்று இருந்தது. வறுத்த வேர்க்கடலை ருசி! அடுத்து ஒரு கை நிறைய அள்ளினேன்.

“அக்கா, எனக்கும் கொஞ்சம் வைங்க!” என்று செல்வி சிரித்த சிரிப்பில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

நாளைக்கு நத்தைக் கறி கொண்டுவருகிறாராம். சாப்பிட்டுப் பழகியவர்கள் கமெண்ட்டில் தைரியம் சொல்லுங்கள். ‘உவ்வே’ போட நினைப்பவர்கள், முதலில் செல்வி கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து போடுங்கள்.