அமாவாசையன்று கேட்காத சிக்னல்

கால் வாட் மின்சக்தியில் ரேடியோ சிக்னல் அனுப்பி என்ன தெரிந்துவிடப் போகிறது என்று கேட்டவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முறையாக ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவள் நான். பல்லடத்தில் தம்பி விசைத்தறி ஓட்டும் குடோனின் கூரைக்கு மேல் கம்பி கட்டி, சோப்பு டப்பா அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டரை வைத்தேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது என் அடையாளக் குறியை அனுப்பும். எந்தெந்த ஊரில் கேட்டது என்று அங்கங்குள்ள ரேடியோக்காரர்கள் இணையத்தில் பதிவதைக் கோவையில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்ப்பேன். ஆஸ்திரேலியா வரை கேட்டது.

ஆனால் மாதத்தில் ஒரு நாள் யாருக்குமே கேட்காது. காலண்டரைப் புரட்டினால், ஒவ்வொரு முறையும் அமாவாசை. தம்பிக்குப் போன் போட்டு அன்றைக்குக் கரண்ட் போனதா என்று கேட்டேன்.

"போகவே இல்லீங்க்கா" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலை இழுக்கும் நிலா, ரேடியோ அலைகளைத் திருப்பியனுப்பும் வானத்தின் மேலடுக்கையும் இழுக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். சக ரேடியோக்காரர்கள் முன்னால் பேசவும் ஒத்துக்கொண்டேன். வாழ்நாளில் ஒரே ஒரு கண்டுபிடிப்பு, அதுவும் என் பெயரில்.

பேச்சுக்கு முந்தைய அமாவாசையன்று மீட்டரும் கையுமாகப் பல்லடம் போனேன். குடோனில் சத்தமே இல்லை. தறிகளுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தது. என் டப்பாவுக்கும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப்பூ. சுவரில் மெயின் சுவிட்ச் இறக்கியிருந்தது.

"ஏன்டா, கரண்டு போகலைன்னு சொன்னியே?"

"கரண்டு எங்கீங்க்கா போச்சு? பூசை முடிஞ்சு நாங்கதானுங்க மெயின எறக்கிப்போட்டோம். அமாவாசைக்குத் தறிக்கு லீவுங்களே."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். இத்தனை மாதம் என்னை முட்டாளாக்கியதற்கு மன்னிப்பே கிடையாது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "ஏனுங்க்கா, லீவு உடச் சொன்னதே நீங்கதானுங்களே? தறி ஓட்டறவங்க மனுசங்க இல்லியாடான்னு ஊட்டுக்கே வந்து சண்ட போட்டீங்க."

போட்டேன்தான். ஓய்வில்லாமல் ஓட்டி ஒருவருக்கு விரல் போனபோது.

கூட்டத்தில் எழுந்து உள்ளதைச் சொன்னேன். ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

தம்பியிடம் லீவை மாற்றச் சொல்ல வாய் வரவில்லை. டப்பாவுக்குத் தனியாக ஒரு பேட்டரி வைத்தேன். அடுத்த அமாவாசையன்று தறிகள் நின்றிருக்க, ஆஸ்திரேலியாவில் எப்போதும்போலக் கேட்டது. பாழாய்ப்போன நிலா ஒன்றுமே செய்யவில்லை.