பதினான்கு கேக்கும் ஒரு சோபாவும்

நிஸ்ஸை ஹேண்ட்பால் அணியில் சேர்த்துக்கொண்டது அவன் ஓடுவான் என்பதற்காக அல்ல; அகலமாக இருந்தான் என்பதற்காக. கோல் கம்பங்களுக்கு நடுவே அவன் நின்றால் எதிரணிக்கு மூலைகள் மட்டுமே மிஞ்சும். "நீ பந்தைப் பிடிக்கவே வேணாம்டா, சும்மா நில்லு. மத்ததை உன் வயிறு பாத்துக்கும்" என்பார்கள் கூட்டாளிகள். அன்பாகச் சொன்னதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. இளைத்தால் அணியில் இடம் போகும். இளைக்காவிட்டால் உடை மாற்றும் அறையில் சட்டையைக் கழற்ற முடியாது. பதினைந்து வயதுக்கு இது கொஞ்சம் நெருக்கடியான இடம்தான்.

அவன் கண்டுபிடித்த வழி பட்டினி. வாரம் முழுக்க வயிற்றைக் காயப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீடுகளில் அதற்கெல்லாம் ஈடுகட்டினான். ஒரு பயிற்சியின்போது கோலுக்குள்ளேயே மயங்கி விழுந்தான். பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது. எதிரணி கொண்டாடி முடித்த பிறகுதான் அவன் எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள்.

பள்ளி நர்ஸ் லோனே அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நீ இன்னும் வளர்ற பையன். எடையைக் குறைக்கணும்னு பாயாதே. ஏறாம பாத்துக்கோ, உயரம் வந்து மிச்சத்தை சரிபண்ணிடும். காலையில கஞ்சி, மத்தியானம் கறுப்பு ரொட்டி, கொஞ்சம் நடை. அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை நிறைய தின்னுட்டேன்னா?"

"தின்னுட்டுப் போ. அடுத்த வேளையை மட்டும் விடாதே. நீ மயங்கினது கேக்கால இல்ல, அதுக்கப்புறம் கிடந்த பட்டினியால. எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தான். கொடுப்பதற்கு எளிதான வாக்காகத்தான் அப்போது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவன் அத்தை பொட்டில்லாவுக்குப் பிறந்தநாள். டென்மார்க்கின் தெற்கு ஜட்லாந்தில் பிறந்தநாள் என்றால் காப்பி மேசை. மெத்தென்று ஏழு, மொறுமொறுவென்று ஏழு, ஆகப் பதினான்கு வகை. ஊர்ப் பெண்கள் ஆளுக்கொன்று சுட்டுக் கொண்டுவருவார்கள். தட்டுகள் வரிசை மாறாமல் சுற்றிவரும். எல்லாவற்றிலும் ஒரு துண்டாவது எடுப்பது மரியாதை. எடுக்காமல் விட்டால், சுட்டவள் அடுத்த பிறந்தநாள் வரைக்கும் மறக்கமாட்டாள்.

முன்பெல்லாம் நிஸ் இதற்காக இரண்டு நாள் பட்டினி கிடந்து இடம் பண்ணிக்கொள்வான். இந்த முறை நர்ஸ் சொன்னபடி காலையில் கஞ்சி, மத்தியானம் ரொட்டி என்று ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போனான். ஆரோக்கியமாக இருந்ததன் பலனாக, மேசைக்கு முன் உட்காரும்போதே வயிற்றில் இடமில்லை.

அவனை உட்காரவைத்ததோ சுவரோரச் சோபாவில், நட்டநடுவில். மேசையை முழங்காலோடு ஒட்டி இழுத்துவிட்டார்கள். இடப்பக்கம் கேக் சுட்டுவந்த ஊர்ப் பெண்களில் ஒருத்தியான மார்கிட், வலப்பக்கம் அவள் கணவன். எல்லாரும் எழுந்தாலொழிய அவன் எழ முடியாது.

முதல் தட்டை அத்தையே தூக்கிவந்தாள். ரொட்டித்தூளில் சுட்ட மூன்றடுக்கு கேக். அடுக்குக்கு அடுக்கு விரற்கடை உயரத்துக்கு க்ரீம்.

"உனக்குன்னே செஞ்சேன்டா. நர்ஸ் கறுப்பு ரொட்டி தின்னச் சொன்னாளாமே? இது முழுக்கக் கறுப்பு ரொட்டிதான்."

"க்ரீமும் இருக்கு அத்தை."

"பின்ன, வெறும் ரொட்டியை எப்படிடா தொண்டையில இறக்குவே?"

மேசையே அவனைப் பரிவோடு பார்த்தது. பெரிய துண்டாக வெட்டிவைத்தாள். நன்றாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. பிறகு ஆப்பிள் கேக், புளிப்புத் தண்டு போட்ட ரபார்ப் கேக், பெயர் தெரியாத மஞ்சள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் கண் அவன் முட்கரண்டியோடு வாய்வரை போய்த் திரும்பியது.

அடுத்து மார்கிட்டின் தட்டு. நிஸ் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, "எனக்குப் போதும்" என்றான்.

மார்கிட் தட்டை நீட்டியபடியே இருந்தாள்.

"என்னோடதுக்கு முன்னாடியா?" என்றாள் மார்கிட். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"உங்களோடதுன்னு இல்ல…"

"இல்ல இல்ல, பரவாயில்ல. போன வருஷமே கொஞ்சம் கருகியிருந்துச்சு. ஞாபகம் வச்சிருக்கான் பாவம்."

நிஸ் ஒரு துண்டு எடுத்துக்கொண்டான். வேறென்ன செய்வது? மார்கிட்டை விட்டால் பின்னால் பாதிரியார் மனைவியுடையது இருக்கிறது. அவளை விட்டால் தபால்காரியுடையது. நிறுத்துவதென்றால் யாராவது ஒருத்தியின் முகத்தில் அடித்துத்தான் நிறுத்தியாக வேண்டும். இந்த மேசையில் தின்னத் தொடங்க ஆயிரம் இடம் உண்டு, முடிக்க ஓர் இடமும் இல்லை.

அப்போதுதான் வரிசையில் வரும் அடுத்த தட்டைப் பார்த்தான். நடுவில் குழிவிழுந்த தேன் கேக். அவன் அப்பா யெஸ் சுட்டது. அம்மா வீட்டை விட்டுப் போன பிறகு அவர் சுட்ட முதல் கேக். பேருந்து ஓட்டிவிட்டு வந்து, பாட்டுப் பாடிக்கொண்டே மாவு பிசைந்தார்.

தட்டு வந்தது. நிஸ் அதை அப்படியே மார்கிட்டின் கணவனிடம் தள்ளினான்.

"போதும். இதோட நிறுத்திக்கிறேன்."

எந்தப் பெண்ணும் கோபித்துக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த யெஸ் காப்பியைக் கலக்கினார். அவர் சர்க்கரை போடுவதில்லை.

காரில் பாதி வழி வந்ததும் யெஸ் கேட்டார்.

"வேற யாரோடதும் கிடைக்கலையா உனக்கு?"

"வேற யார்கிட்ட நிறுத்தினாலும் ஊருக்குள்ள சண்டைப்பா."

"எனக்கு மட்டும் வலிக்காதா?"

"வலிக்கும். ஆனா நீங்க என்னைத் திரும்பச் சாப்பிடக் கூப்பிடாம இருக்க முடியாதுல்ல."

யெஸ் கியரை மாற்றினார்.

ஆறு மணிக்கு வீட்டில் வழக்கம்போல் மேசையில் இரண்டு தட்டு வைத்தார். ரொட்டி, மீன், வெள்ளரிக்காய். நிஸ்ஸுக்கு நெஞ்சுவரை க்ரீம் நின்றது. பழைய கணக்கு உள்ளே மெல்ல ஆரம்பித்தது: இன்றிரவு வேண்டாம், நாளை முழுக்க வேண்டாம், புதன்வரை சமாளித்துவிடலாம். அப்பா வேறு முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார். "பசியில்லை" என்று அறைக்குப் போனால் இன்று கேட்கமாட்டார். இதைவிட வசதியான நாள் கிடைக்காது.

நிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ஒரு ரொட்டித்துண்டில் மீனை வைத்து, மெதுவாக, பிடிக்காத மருந்தைப்போல மென்றான்.

"கட்டாயமில்ல" என்றார் யெஸ்.

"கட்டாயம்தான்ப்பா. இல்லேன்னா திரும்பவும் பழைய பட்டினிக்கே போயிடுவேன்."

யெஸ் வெள்ளரிக்காய்த் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"தேன் கேக் மிச்சம் இருக்கு. நாளைக்கு ஒரு துண்டு?"

"ஒண்ணு. சின்னதா."

"நாளைக்குள்ள காஞ்சிடும்."

"இன்னைக்கே காஞ்சுதான்ப்பா இருந்துச்சு. வெட்டும்போது பாத்தேன்."

யெஸ் சிரிக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தார். முடிந்தவரை இருந்தும் பார்த்தார்.