ஏழு நிமிஷ நாவல்

சுங்குவார்சத்திரத்துக் கம்பெனி ஹாஸ்டலில் ஷெர்லின் வார்டன். பதினோரு வருஷம் கம்பெனியின் அசெம்ப்ளி லைனில் நின்று மணிக்கட்டு போனதும் கொடுத்த வேலை. ஒரு பீரோ நிறையப் புத்தகங்களும் அவள் பொறுப்பு. அந்தப் பீரோவை எட்டிக்கூடப் பார்க்காத வெல்ஃபேர் ஆபீசர் திருமலை ஒரு நாள் காலையில் வந்து நின்றார். வருங்காலத்தில் ஏதோ ஒரு தேசத்தில் நடக்கிற இளையோர் நாவல் அவர் கையில் இருந்தது. ஹாஸ்டல் பெண்கள் முறை வைத்துப் படித்த புத்தகம். ஒருத்தி அதில் ஒரு பக்கத்தை ஸ்டேட்டஸில் வைக்க, அது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"முழுசா படிச்சீங்களா சார்?"

"எதுக்கு? இந்தப் பக்கம் போதும். பாத்ரூமுக்கு ஏழு நிமிஷம், லேட்டானா பேரு போர்டுல. இது நம்ம லைன் ரூல். எழுதினவன்கிட்ட எந்தப் பொண்ணு சொல்லிச்சு?"

ஷெர்லின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பெனிக்கு அஸ்திவாரம் போடும் முன்பே அச்சான புத்தகம் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்க்க வக்கில்லாத இந்த மனுஷனுக்கு எம்.பி.ஏ. பட்டம், ஏசி அறை, கார்.

"எடுத்துடறேன் சார். ரிஜிஸ்டர்ல காரணம் இன்னான்னு எழுதறது?"

"கம்பெனி ரூலை வெளிய சொல்லிடுச்சுன்னு எழுதும்மா."

அவள் அப்படியே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"சார், கதையில அது கம்பெனி ரூல் இல்ல. ஜெயில் ரூல்."