எந்த ஊர்க் கிருமி

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் பழம் விற்ற சந்தனமாரிக்கு மூக்குதான் சொத்து. மங்குஸ்தானை முகர்ந்தே எந்தத் தோட்டத்துப் பழம் என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்கைப் பழத்தோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறைந்திருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் கல்யாணமான நாளிலிருந்து, கேரளத்துப் புனலூர், பம்பாய் என்று லாரி ஓட்டிவிட்டு வரும் புருஷன் நாறும்பூநாதனின் சட்டையையும் முகர்ந்தாள்.

“இது புனலூர் பவுடரு. எவ போட்டிருந்தா?”

“ஏட்டி, லோடுல வந்த சோப்பு வாசனைட்டி அது!” என்பான் அவன். பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். மீதி நாளைப் பற்றி நாம் என்ன சொல்ல?

எண்பத்தொன்பதில் அவன் விடாத காய்ச்சலில் துரும்பாக இளைத்தான். தென்காசி டாக்டர் மங்களேஸ்வரி அவன் இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார். எய்ட்ஸ் கிருமி என்று பதில் வந்தது. அது எப்படித் தொற்றும் என்று விளக்கிவிட்டு, சந்தனமாரியின் இரத்தத்தையும் எடுத்து அனுப்பினார்.

புருஷன் பிழைப்பானா என்று அவள் கேட்கவில்லை. வயிற்றெரிச்சல் கேட்கவிடவில்லை. எவள் அவள்? புனலூர்க்காரியா, பம்பாய்க்காரியா? அவனிடம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்துத் தன் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போனவள், டாக்டரைப் பேசவே விடவில்லை.

“டாக்டரம்மா, பழத்துல தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசம் இருக்குல்லா, கிருமியிலயும் உண்டுமா? அவருக்கு உள்ளது எந்த ஊருக் கிருமின்னு மட்டும் சொல்லிருங்க.”

“வித்தியாசம் உண்டும்மா. ஒரே நாட்டுக்குள்ளயே ஆளுக்கு ஆள் மாறும். உடம்புக்குள்ள போனப்புறமும் மாறிக்கிட்டே இருக்கும். ஆனா ஊரைக் கண்டுபிடிக்க இங்க வசதி இல்ல.”

“அப்ப அவகிட்ட உள்ளதும் இவருகிட்ட உள்ளதும் ஒண்ணு இல்லையா?”

“அச்சு அசலா ஒண்ணு இல்ல. இப்ப அது அவரோடதாவே மாறியிருக்கும்.”

“சரி, அவரோடதுக்கு ரொம்பக் கிட்டத்துல உள்ளது யாருகிட்ட இருக்கும்?”

டாக்டர் மேசையிலிருந்த பரிசோதனைத் தாளை எடுத்தார். “அவர்கிட்டேயிருந்து யாருக்கு வந்துச்சோ, அவங்ககிட்ட.”

“அதத்தானே கேக்கேன்!” சந்தனமாரி மேசையைத் தட்டினாள். “யாரு அவ? பேரச் சொல்லுங்க!”

டாக்டர் கையிலிருந்த தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சந்தனமாரிக்குப் படிக்கத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். அது அங்கே இருந்தது.

ஒரு நொடி, வெட்கங்கெட்ட ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது: வேறு எவளும் இல்லை, நான்தான். அப்புறம்தான் அந்தக் கிருமி தன் இரத்தத்திலும் இருக்கிறது என்பது உறைத்தது.