வலப்பக்கம் வெட்டிய விரால்

ஹமீது நானாவை அறிந்த பெருமக்களே, எவரும் நம்பாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று இதனால் உறுதியளிக்கிறேன். பலாபத்வலச் சந்தியில் பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "மீன் கங்காணி மவுத்தாகிட்டாராம்" என்று சாவுச் செய்தி சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அதுதான்.

மீன் கங்காணி என்பது தோட்டத்து ஆட்கள் ஹமீது நானாவுக்குச் சூட்டிய பட்டம். நம் நீர்த்தேக்கத்தில் விரால் குஞ்சு விடுவதும், அவை பிழைக்கின்றனவா என்று பார்ப்பதும் அவருடைய அரசாங்க உத்தியோகம். ஞாயிறுதோறும் தூண்டிலோடு வரும் துரைமாருக்கு மல்லுக்கட்ட மீன் வேண்டுமே! அவர் விட்ட விரால் வாலை அடித்தால் ரிவர்ஸ்டன் மலையின் மூடுபனி கலையும். ஒரு துரையை அது தம்புள்ளை வரை இழுத்துப்போனதை இந்தக் கண்ணால் கண்டேன்.

விடுகிற மீனுக்கெல்லாம் வயிற்றடியில் இடப்பக்கச் செட்டையைக் கொஞ்சம் கத்தரிப்பார். அப்படிப்பட்ட மீன் சிக்கினால் அவரிடம் காட்ட வேண்டும். யாரும் காட்டவில்லை. அரசாங்க மீனைத் தொட்டால் ஜெயில் என்று பயந்து, திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். "அது அடையாளம், வாரண்ட் இல்ல" என்று வீடுவீடாகச் சொல்லிப் பார்த்தார்.

மேலிடத்துக் கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் போதிய அடையாள மீன் கிடைக்காவிட்டால் குஞ்சு விடுவது நிற்கும். அவருக்குக் கடலோரத்துக்கு மாற்றம். மகளோ அந்த வருடம் மாத்தளையில் பரீட்சை எழுதவேண்டியவள்.

ஊர் பொங்கியது. அடுத்த வாரமே வாளி வாளியாக விரால் வந்திறங்கியது. எல்லாம் செட்டை வெட்டியவை. விட்டதைவிட வந்தது அதிகம்!

நானா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ராமையா, இது எங்க புடிச்சது?"

"அணைக்கட்டுக்கிட்டங்க. ஒங்க மீனுதான் நானா, மூஞ்சியப் பாருங்களேன்!"

"மூஞ்சி சரி. வெட்டு வலப்பக்கம் இருக்கே. நான் வெட்டினது இடப்பக்கம்."

"தண்ணிக்குள்ள பொரண்டு படுத்திருக்குங்க!"

நானா தொப்பி விழச் சிரித்தார். பிறகு இடப்பக்கம் வெட்டிய பதினொன்றை மட்டும் எழுதினார். மீதியையும் எழுதச் சொல்லி மன்றாடியவர்களிடம், "பொய்ய எழுதினா, இந்தத் தண்ணிக்குள்ள எத்தன மீன் கெடக்குன்னு எனக்கே தெரியாமப் போயிரும்" என்றார்.

பதினொன்று போதவில்லை. மாற்றம் வந்தது. மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறும்போது என் கையில் தன் செட்டை வெட்டும் கத்தரிக்கோலைத் திணித்தார்.

"வெச்சுக்கங்க தம்பி. இது இடப்பக்கமும் வெட்டும்."

அது இன்னும் என் மேசையில் இருக்கிறது. மீன்களைப் பற்றி நான் அளந்ததை எல்லாம் தள்ளிவிடுங்கள். வலப்பக்கம் வெட்டிய முதல் விரால் என்னுடையது, ஊரார் அதைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்பது மட்டும் உண்மை.