ஐந்து கட்டையில் பாடியதும் ஆறு கட்டையில் கேட்டதும்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்களின் கொம்பியூட்டரைத் திருத்தப் போகிறவளுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது கொம்பியூட்டர் அல்ல, அந்த வீட்டில் பழியை யார் தலையில் போடுவார்கள் என்பது.

நான் அப்போது கம்பஸில் மூன்றாம் வருஷம். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தோம். போர் மூண்டு யாழ்ப்பாணம் போகிற வீதியைப் பூட்டியிருந்த காலம். ஊருக்குத் திரும்ப முடியாதவர்களும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களும், குரலையாவது அனுப்பிவிடலாம் என்று ஆளுக்கொரு மைக்கும் கள்ளக் கொப்பி மென்பொருள் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள். ஏதும் பிழைபட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் படித்தது புள்ளிவிபரவியல். ஒரு சிநேகிதி வீட்டில் "இதெல்லாம் பெடியளின்ரை வேலை" என்று யாரோ சொல்ல, அதற்கு வாதாடப் போய் இந்த வேலை என் தலையில் விழுந்தது. கதவைத் திறக்கிறவர்களின் முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான்: "அண்ணா வரேல்லையோ?" எனக்கு அண்ணாவே கிடையாது. அதைச் சொல்லிச் சண்டை பிடித்த பிறகுதான் எந்த வீட்டிலும் நாற்காலி கிடைத்தது.

உங்கள் பாட்டும் வீட்டில் ஒரு மாதிரியும் சீடியில் வேறு மாதிரியும் கேட்டிருந்தால், நீங்களும் என் இனம். வாசியுங்கள்.

எல்லாரையும் கூட்டுகிற பட்டன்

கொட்டாஞ்சேனை சூசை அங்கிள் துறைமுகத்தில் கிளார்க். கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர். சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பின்னேரங்களில் ஆட்கள் ஒன்றுகூட முடியாததால், ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒவ்வொருவராக வந்து அவர் வீட்டு முன்னறையில் கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பாட்டைப் பாடிப் பதிந்துவிட்டுப் போனார்கள். ஒன்பது பேர். ஒன்பதையும் சேர்த்துக் கேட்டால் தகரத்தில் மழை அடிக்கிற இரைச்சல்தான் மிச்சம். போய்ப் பார்த்தேன். ஒன்பது குரலின் அளவும் உச்சியில் நின்றது, சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. பாடியவர்கள் ஒவ்வொருவரும் போகும்போது "என்ட குரல் கேக்கல்லையே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவரும் ஒவ்வொருவரையாகக் கூட்டியிருக்கிறார்.

"அங்கிள், நாலு பேரைக் கேக்கப்பண்ண அஞ்சு பேரைக் குறைக்க வேணும்" என்றேன். குறைத்தால் வரும் வினையை அவர் ஆள் ஆளாக விளக்கினார். இவர் ஹார்மோனியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார். அந்த அம்மா அடுத்த ஞாயிறே வேறு கோயிலுக்குப் போய்விடுவா. "சரி, அப்ப உங்கட குரலைக் குறைப்பம்" என்றேன். சமத்துவம் என்பது எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவது அல்ல என்று நான் அரைமணி நேரம் விரிவுரை நடத்தினேன். அவர் எனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் சரி மகள். ஒருத்தரையும் குறைக்காம எல்லாரையும் கூட்டுற பட்டன் ஒண்டும் இதுல இல்லையா?"

நோர்வேயில் ரசிக்கப்பட்ட பாட்டு

தெஹிவளையில் மைதிலி அக்கா. கலியாணம் கட்டி ஒரு வருஷம், கணவர் நோர்வேயில், விசா இன்னும் வரவில்லை. கணவரின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் பாடிப் பதிந்து சீடியில் அனுப்பியிருந்தா. அடுத்த பாட்டைப் பதியத்தான் என்னைக் கூப்பிட்டா. பழைய சீடியின் கொப்பியை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு துளிச் சத்தம்கூட இல்லை. 'சேவ்' பண்ணிய கோப்பை அப்படியே ஏற்றியிருக்கிறா. எந்தக் குரல் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் அதற்குள் இருக்கும். பாட்டை 'எக்ஸ்போர்ட்' என்று தனியாக வெளியே எடுக்க வேண்டும். சமையல் குறிப்பைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டுக் குழம்பை அடுப்பிலேயே விட்ட கதை. இதை நான் ஆர்வத்தோடு விளக்கிக்கொண்டு போக, அக்காவின் முகம் மாறியது.

"அவர் கேட்டவரே! இரண்டு மாசமா ரெலிபோனிலை புகழ்ந்துகொண்டெல்லோ இருக்கிறார். சரணத்திலை கண்ணீர் வந்ததாம்" என்றா. பாட்டுத் திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, இதென்ன மனுஷர் என்று எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. மைதிலி அக்காவுக்கு வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "தங்கச்சி, நீங்கள் ஒண்டும் திருத்த வேண்டாம். இந்த முறையும் அப்பிடியே அனுப்புவம், என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்."

பிந்தியது யார்

இனி வாசுகி ரீச்சரின் கதை. அவ யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவ. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கென்று இரண்டு கிழமைக்குக் கொழும்பு வந்த இடத்தில் வீதி பூட்டுப்பட்டுவிட்டது. அம்மாவைக் கப்பலிலோ பிளேனிலோ ஏற்ற டொக்டர் விடவில்லை, தனியே விட்டுப் போக ரீச்சருக்கு மனம் வரவில்லை. பாமன்கடையில் ஒரு சின்ன வாடகை அனெக்ஸில் மாதக்கணக்காய் இருந்தா. யாழ்ப்பாணத்தில் பதினொரு பிள்ளைகள் சங்கீதப் பரீட்சைக்குப் படித்த பாதியில் நின்றார்கள். ஆகவே பாடங்களைப் பாடிப் பதிந்து, பலாலி விமான நிலையத்துக்குப் பறக்கிற யாரிடமாவது கொடுத்து அனுப்பினா. முதல் சீடி ஒரு குறையும் இல்லாமல் போனது. இரண்டாவதில்தான் பரீட்சைக்குரிய கீர்த்தனை. முதலில் பாட்டைப் பதிந்து, அதை ஹெட்போனில் கேட்டபடி தாளத்தைத் தட்டிப் பதிந்தபோது, தாளம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது.

"ரீச்சர், நீங்கள்தான் பிந்தித் தட்டுறியள்" என்றேன் நான். சங்கீதத்தில் ஒரு மண்ணும் தெரியாதவள்! அவ ஹெட்போனைக் கழற்றி மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தா. தட்டவே இல்லை. ஹெட்போனிலிருந்து மைக்கில் பதிந்த அதே பாட்டும் அதே அளவு பிந்தியே வந்தது. மெஷின்தான் பிந்துகிறது! வெட்கத்தோடு ஓடிப்போய் இன்ரர்நெட் கடையில் வாசித்துவிட்டு வந்து மூன்று இடத்தில் கைவைத்தேன். தாளம் சரியாக விழுந்தது. அந்த மூன்றில் எது அதைத் திருத்தியது என்று நான் பார்க்கவில்லை. திருத்தாத மற்ற இரண்டையும் பழையபடி வைக்கவுமில்லை. இதை மறந்துவிடாதீர்கள், நான் மறந்துவிட்டேன். ரீச்சர் கீர்த்தனையை முழுவதும் திரும்பப் பாடினா, போட்டுக் கேட்டு ஓம் என்றா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னா: "பிந்தினால் பிந்தினன் எண்டு சொல்லுங்கோ, கேப்பன். பிந்தாத இடத்திலை ஒத்துக்கொள்ளமாட்டன்."

காலி வீதியில் ஒரு விமர்சகர்

அன்றைக்கே, பிள்ளைக்கு ஒன்றாகப் பதினொரு சீடியும் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் நின்ற ஒரு மாமியின் கைக்குப் போக வேண்டும். அவ விடிய இரத்மலானையில் பிளேன் ஏறுகிறவ. ஆகவே சீடிகளைப் பாமன்கடையில் ரைட்டரில் எரித்த சூட்டோடு கொண்டு நடந்தேன். வழியில் ஒன்றைக் கையில் கொண்டுபோன சீடி பிளேயரில் போட்டுக் கேட்டேன். ரீச்சர் பாடினா, இனிமையாக இருந்தது, மூடினேன். காலி வீதிச் சாவடியில் மறித்தார்கள். என் வயதுதான் இருக்கும் அந்தச் சிப்பாய்க்கு. பதினொரு சீடியும் ஒரே மாதிரி இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. சங்கீத பாடம் என்றேன். போட்டுக் காட்டச் சொன்னான். ஹெட்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, துவக்கை மற்றப் பக்கம் மாற்றிவிட்டு, நெடுநேரம் கேட்டான்.

"டீச்சர்ட ஹதிஸ்ஸித, நங்கி?" என்றான். ரீச்சருக்கு ஏதும் அவசரமோ, தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்கிறான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அடையாள அட்டை கையில் இருப்பதையும் மறந்துபோனேன். கர்நாடக சங்கீதத்தில் காலப்பிரமாணம் என்று ஒன்று இருக்கிறது, வேகமாகப் பாடுவது ஒரு வித்தை, தெரியாத விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்று என்னிடமிருந்த சிங்களம் முழுவதையும் அவன் மேல் கொட்டினேன். எனக்கே அந்த வாரம்தான் தெரிந்த விஷயங்கள். அவன் சீடியை எடுத்து உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். சிங்களத்தில் சொன்னான்: "சரி நங்கி, எனக்கென்ன தெரியும், உங்களுக்குத்தானே தெரியும்."

ரெலிபோனில் வந்த கீர்த்தனை

ஆறு கிழமை கழித்து ரீச்சர் கூப்பிட்டா. போனேன். பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் ரெலிபோன் உள்ள வீடு ஒன்றில் கூடி, அன்று காலை கீர்த்தனையைப் பாடிக் காட்டியிருக்கிறார்கள். "நான் அஞ்சு கட்டைச் சுருதியிலை பாடினனான். பிள்ளைகள் ஆறு கட்டைக்குக் கிட்ட நிண்டு பாடுதுகள். ஓட்டமாய்ப் பாடுதுகள்" என்றா. ரெலிபோன் லைன் சுருதியைக் கூட்டும் என்று நான் வாதாடத் தொடங்கினேன். அவ சுருதிப்பெட்டியை ஐந்தில் வைத்து ஒலிக்கவிட்டா. பிறகு மிச்சமிருந்த சீடிக் கொப்பியைப் போட்டா. இரண்டும் ஒன்றையொன்று கடித்தன. அது எனக்கே கேட்டது.

நடந்தது இதுதான். ஒரு வினாடிச் சத்தத்தை எத்தனை துண்டாய் வெட்டுவது என்று மென்பொருளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான் கைவைத்த மூன்று இடத்தில் ஒன்று அது. மென்பொருளில் துண்டுகளைக் கூட்டிவிட்டேன், கொம்பியூட்டரின் சவுண்ட் கார்ட் பழைய கணக்கிலேயே நின்றது. பதிகிறபோதும் அந்தப் பிழை, போட்டுக் கேட்கிறபோதும் அதே பிழை, அதனால் அந்த மேசையில் எல்லாம் சரியாகவே கேட்டது. சீடிக்கு எக்ஸ்போர்ட் ஆகி வெளியே போனவுடன் பாட்டு ஓடவும் தொடங்கியது, ஏறவும் தொடங்கியது. சிப்பாய் கேட்டது சரியான கேள்வி. அந்த ஒரே ஒரு ஆளை நான் வாதத்தில் வென்றிருந்தேன்.

பரீட்சைக்கு ஒன்பது நாள். அதற்குள் பலாலிக்குப் பறக்கிற ஆள் ஒருவரும் இல்லை, புதுச் சீடி போய்ச் சேராது. ரீச்சர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டவில்லை. தினமும் பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுத்து, லைன் அறும்வரை ஐந்து கட்டையில் பாடினா. அறுந்தால் திரும்ப எடுத்தா. நான் பக்கத்தில் சுருதிப்பெட்டியை ரெலிபோனுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு இருந்தேன், அதற்கு மேல் என்னை யாரும் நம்ப வேண்டியதில்லை. முதல் நாளே ரீச்சர் பிள்ளைகளிடம் கேட்டா, முதல் சீடியில் ஒரு சுருதி, இரண்டாவதில் வேறு சுருதி, ஏன் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று. மறுமுனையில் கௌசி என்ற பிள்ளை கதைத்தாள். குரல் கரகரத்து, காற்றாய் வந்தது. "ரீச்சர் கூட்டினால் அதிலை ஏதோ காரணம் இருக்கும் எண்டு, நாங்களும் சுருதிப்பெட்டியைக் கூட்டினனாங்கள்."

பதினோராவது பிள்ளை

பத்துப் பேர் பரீட்சை எடுத்தார்கள். ஆறு கிழமை ஆறு கட்டையில் மூச்சுப்பிடித்த பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை படியிறங்குகிற மாதிரி இருந்ததாம், பத்துப் பேரும் சித்தியடைந்தார்கள். கௌசி எடுக்கவில்லை. எல்லாரையும்விடக் கூடப் பயிற்சி செய்தவள் அவள்தான். தொண்டை வீங்கி, ஒரு மாதத்துக்குப் பாடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இனி அடுத்த வருஷம்.

அவளுக்காக மட்டும் கீர்த்தனையைப் புதிதாகப் பதிந்தோம். சீடியை மூன்று வீட்டில், மூன்று பிளேயரில், ரீச்சரைப் பக்கத்தில் இருத்திச் சுருதிப்பெட்டியோடு கேட்டேன். பிறகு ரெலிபோனை வாங்கி, நான்தான் செய்தது, ரீச்சர் ஐந்து கட்டையில்தான் பாடினவ, மன்னித்துக்கொள் என்றேன். அழுவாள் அல்லது ஏசுவாள், பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். கௌசி இரண்டும் செய்யவில்லை. "உங்கட வேலை எண்டு தெரிஞ்சிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பன் அக்கா" என்றாள்.

அன்று தொடங்கி, நான் எரிக்கிற ஒவ்வொரு சீடியின் உறையிலும் பாடியவரின் பெயருக்குக் கீழே, பிழை பிடிக்க வேண்டிய ஆள் என்று என் பெயரையும் வீட்டு ரெலிபோன் நம்பரையும் எழுதி அனுப்புகிறேன், இதுவரை வந்த அழைப்புகளில் பாதி "அண்ணா நிக்கிறாரோ?" என்றுதான் தொடங்குகின்றன.